திவால் மனுவுக்கு உள்ளூர் வழக்கறிஞரை எப்படித் தேர்ந்தெடுப்பது, கட்டணத்தை எப்படிப் பேசுவது?

கேள்வி: தறிக்காரர் தம்பி, பல்லடம்

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்காக இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். பல்லடத்தை அடுத்த ஒரு கிராமத்தில் அவர் கூலிக்குத் துணி நெய்து கொடுக்கும் விசைத்தறிக் கூடம் ஒன்றை 18 ஆண்டுகளாக நடத்தி வந்தார். 12 தறிகள் ஓடிக்கொண்டிருந்த கூடத்தில், கூலி கட்டுப்படியாகாமல் ஒவ்வொன்றாக நின்றுபோய், சென்ற ஆண்டு 6 தறிகளைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தோம். இப்போது மொத்தக் கடன் 27 லட்சம் ரூபாய். அதில் வீட்டை அடமானம் வைத்து வங்கியில் வாங்கியது 9 லட்சம். புரோநோட்டு எழுதிக் கொடுத்து மூன்று ரூபாய் வட்டிக்குத் தனியாரிடம் வாங்கியது 8 லட்சம். மீதி சீட்டுப் பணம், உறவினர்களிடம் வாங்கிய கைமாற்று, உதிரிபாகக் கடைப் பாக்கி என்று நீள்கிறது. ஒரு பைனான்ஸ்காரர் தீர்ப்பு வாங்கி, அதன்படி பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனுவும் போட்டுவிட்டார். அண்ணனை ஏன் கைது செய்யக்கூடாது என்று காரணம் கேட்கும் அறிவிப்பு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஊரில் எல்லோரும் "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். அதற்காக மூன்று இடங்களில் விசாரித்தோம். முதல் வழக்கறிஞர் 60,000 ரூபாயை மொத்தமாக முன்பணம் கேட்டார்; மனு தாக்கலாகி நம்பர் விழுந்துவிட்டால் யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள் என்றார். இரண்டாமவர் 35,000 ரூபாய் என்றார். ஆனால் நீதிமன்றச் செலவு தனி என்று சொன்னவர், அது எவ்வளவு என்று கடைசி வரை சொல்லவில்லை. மூன்றாவது இடத்துக்கு எங்களை அழைத்துப் போனவர் ஒரு தரகர். கடன் தள்ளுபடியாகும் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும் என்றும், முதலில் அண்ணன் பெயரில் இருக்கும் 40 சென்ட் நிலத்தை அண்ணி பெயருக்கு எழுதிவிடுங்கள் என்றும் அங்கே சொன்னார்கள்.

கையில் இருக்கும் பணம் என்னுடைய சேமிப்பு 50,000 ரூபாய் மட்டுமே. அதைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டால் இரண்டாவது முறை முயல எங்களால் முடியாது. நம்பகமான வழக்கறிஞரை எப்படிக் கண்டுபிடிப்பது, எவ்வளவு கொடுப்பது நியாயம், எப்போது கொடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். அண்ணனின் கடன்களில் ஒன்றுக்கு நானும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி: முன்னாள் சிரஸ்தார், ஈரோடு

தம்பி, நீதிமன்ற அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். முதல் வழக்கறிஞர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் அதிகம் பேர் ஏமாறுவது அந்த ஒரு வாக்கியத்தில்தான். மனுவுக்கு நம்பர் விழுவதால் மட்டும் எந்த வழக்கும் தானாக நிற்பதில்லை. உங்கள் அண்ணனுக்குப் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, ஒருவர் நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்து உத்தரவு போட்டதற்கான ஆதாரம் காட்டப்பட்ட பிறகுதான், மற்ற நீதிமன்றங்களில் நிலுவையிலுள்ள வழக்குகளை நிறுத்துவது பற்றிப் பேசுகிறது. கைதிலிருந்து பாதுகாப்புக் கேட்கும் 31-ஆம் பிரிவு மனுவும் அந்த அறிவிப்புக்குப் பிறகு வருவதுதான். தாக்கலுக்கும் அந்த உத்தரவுக்கும் இடையில் கடன்காரர்கள், அதாவது கடன் கொடுத்தவர்கள், ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் போய்ச் சேர்ந்து, அவர்கள் ஆட்சேபம் சொல்லி, விசாரணை நடந்து முடிய மாதங்கள் ஆகும். சில மனுக்களுக்கு ஆண்டுகளும் ஆகியிருக்கின்றன.

ஆகவே நீங்கள் பணம் கொடுக்கும் வழக்கறிஞர் முதலில் பார்க்க வேண்டியது திவால் மனுவை அல்ல, கையில் இருக்கும் நிறைவேற்று மனுவைத்தான். அந்தத் தேதியில் அண்ணன் ஆஜராகி, தறிகள் விற்றுப்போனதையும் வருமானம் இல்லாததையும் ஆவணங்களோடு எதிருரையாகத் தாக்கல் செய்ய வேண்டும். கொடுக்க வழியில்லாத ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிறையில் அடைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வசதி இருந்தும் வேண்டுமென்றே கொடுக்காமல் ஏய்ப்பவருக்குத்தான் கைது. அப்படியே கைதாகி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டாலும், ஒரு மாதத்துக்குள் திவால் மனு போடுகிறேன் என்று சொல்லிப் பிணையம் கொடுத்தால் விடுவிப்பதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 55-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. இதையெல்லாம் அண்ணியிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், அவர் கொஞ்சம் தெளிவார்.

வழக்கறிஞரைத் தேடுவதைப் பற்றி. இந்த மனுக்கள் நம் மாவட்டங்களில் சார்பு நீதிமன்றத்தில் நடப்பவை. அண்ணன் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் எல்லைக்குரிய நீதிமன்றம் எதுவோ, அங்கே நாள்தோறும் போய்வரும் வழக்கறிஞரைப் பாருங்கள். கோவையிலோ சென்னையிலோ இருக்கும் பெரிய பெயர் இந்த வேலைக்குத் தேவையில்லை, ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் வந்துபோகும் செலவு உங்கள் தலையில்தான் விழும். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கறிஞரின் பெயரைக் கொடுத்து, அந்த நீதிமன்றத்தில் அவர் நடத்தும் வழக்குகளின் பட்டியலை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் 'ஐ.பி.' (திவால் மனு) என்ற வகையில் எத்தனை இருக்கின்றன என்பதை எண்ணுவதோடு நிறுத்தாமல், அவை எப்படி முடிந்தன என்பதைத் திறந்து படியுங்கள். "ஆஜராகாததால் தள்ளுபடி" என்று வரிசையாக இருந்தால், அந்த வழக்கறிஞர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் வேண்டாம். நான் பணியில் இருந்தபோது இந்த வசதி இல்லை. இருந்திருந்தால் பல குடும்பங்கள் தப்பித்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

செலவைப் பற்றி ஒன்று. நீதிமன்றக் கட்டணம் இந்த மனுவுக்கு மிகச் சிறிய தொகைதான். செலவு ஏறுவது வேறு இடத்தில்: கடன்காரர் ஒவ்வொருவருக்கும் நோட்டீஸைக் கொண்டு சேர்க்க நீதிமன்றத்தில் கட்டும் பேட்டா, தபால், நீதிமன்றம் உத்தரவிட்டால் நாளிதழில் போடும் விளம்பரம், நகல் எடுக்கும் செலவு ஆகியவற்றில். கடன்காரர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால் இதை முன்கூட்டியே கணக்கிட்டுவிட முடியும் என்பதால், "தனி" என்று மட்டும் சொல்லி நிறுத்தியவரிடம், எங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு ஆகும் என்று நேராகக் கேளுங்கள்.

மறுமொழி: கரூர் வாசகி

பெரியவர் சொன்னதை எங்கள் வீட்டுக் கதை அப்படியே மெய்ப்பிக்கும் என்பதால் எழுதுகிறேன். என் கணவர் திரைச்சீலை, மேசைவிரிப்பு தைத்து ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுத்து வந்தார். பாக்கி வராமல் நொடித்தபோது நாங்களும் ஒரு வழக்கறிஞரிடம் மொத்தத் தொகையையும் முதல் நாளே கொடுத்தோம். என் வளையல் இரண்டை விற்றுக் கொடுத்த பணம் அது. மனு தாக்கலானது, 14 மாதங்களில் நொடித்தவர் என்ற உத்தரவும் வந்தது. நாங்கள் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்து நிம்மதியாக இருந்தோம்.

அந்த உத்தரவிலேயே, இத்தனை மாதங்களுக்குள் கடன்களிலிருந்து விடுவிப்புக் கேட்டுத் தனியாக மனுப் போட வேண்டும் என்று ஒரு வரி இருந்ததை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. கெடு கடந்தது. விடுவிப்புக்கு விண்ணப்பிக்கவில்லை என்பதால் நொடித்தவர் என்ற அறிவிப்பே ரத்தாகிவிட, கடன்காரர்கள் எல்லோரும் மறுபடி தத்தம் வழக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வழக்கறிஞரைக் கேட்டபோது, அவர் பேசிய கட்டணம் அறிவிப்பு உத்தரவு வரைக்கும்தான் என்றார். பேச்சில் அப்படி ஒரு எல்லை இருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது, எழுத்தில் எதுவும் இல்லாததால் மறுத்துப் பேசவும் வழியில்லை.

வேறு வழக்கறிஞரிடம் போகலாம் என்றால், இன்னும் பணம் கொடுத்தால்தான் வழக்குக் கட்டைத் தருவேன் என்று முதலாமவர் வைத்துக்கொண்டார். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருப்பது இரண்டாவது வழக்கறிஞர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லி ஒரு பதிவுத் தபால் அனுப்பிய பிறகு கட்டு வந்தது. தம்பி, ஒவ்வொரு அசல் ஆவணத்தையும் கொடுக்கும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டாவது வழக்கறிஞரோடு பேசியதை அவருடைய தாளிலேயே எழுதி வாங்கினோம். தாக்கலுக்கு ஒரு பங்கு, அறிவிப்பு உத்தரவு வந்த பின் ஒரு பங்கு, விடுவிப்பு மனு தாக்கலாகும்போது கடைசிப் பங்கு என்று பிரித்துக் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்பினோம். தொகை முதலாமவர் வாங்கியதைவிட 8,000 ரூபாய் அதிகம்தான், ஆனாலும் விடுவிப்பு உத்தரவின் சான்றிட்ட நகல் இன்று எங்கள் பீரோவில் இருக்கிறது. நீங்கள் 35,000 ஆ 60,000 ஆ என்று ஒப்பிடுவதற்கு முன்னால், அந்தத் தொகை எந்தக் கட்டம் வரைக்கும் என்று கேளுங்கள். விடுவிப்பு வரைக்கும் சேர்த்து 60,000 என்றால் அது அதிகமில்லை; தாக்கலுக்கு மட்டும் 35,000 என்றால் அது அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் அண்ணியும் கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அண்ணனுடைய வருமானம் இப்போது இருக்கும் நிலையில் அவருக்கும் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அங்கே நியமிக்கப்படும் வழக்கறிஞர் உங்களிடம் கட்டணம் கேட்கக்கூடாது. கேட்டால் ஆணைக்குழுச் செயலரிடமே எழுதிக் கொடுங்கள்.

கேள்வியாளர்: தறிக்காரர் தம்பி

ஐயாவுக்கும் அக்காவுக்கும் என் நன்றி. நிறைவேற்று மனுவின் அடுத்த வாய்தா வரும் 19-ஆம் தேதி. அன்று ஆஜராகத் தேவையில்லை என்றுதான் அந்தத் தரகர் சொல்லியிருந்தார். இரண்டு சந்தேகங்கள் மீதி இருக்கின்றன. 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தில் சிறிய கடனாளிகளுக்கு எளிய வழி இருப்பதாக ஒரு காணொளியில் பார்த்தேன். அது அண்ணனுக்குப் பொருந்துமா? அந்த 40 சென்ட் நிலத்தை என்ன செய்வது? அது அப்பா வைத்துவிட்டுப் போனது என்பதால் வீட்டில் எல்லோருக்கும் மனம் அங்கேயே நிற்கிறது.

மறுமொழி: வழக்கறிஞர், திருப்பூர் மாவட்டம்

வணக்கம். தொழில் விதிகளின்படி நான் இங்கே என் பெயரைச் சொல்லி வழக்குக் கேட்கக்கூடாது, கேட்கவும் மாட்டேன். எங்களுக்கு விளம்பரம் செய்யவோ ஆள் வைத்துக் கட்சிக்காரரைப் பிடிக்கவோ அனுமதி இல்லை. வழக்கின் பலனில் பங்கு கேட்பதும் இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளில் தடை செய்யப்பட்டது. பத்தில் ஒரு பங்கு என்று பேசிய இடம் இந்த இரண்டு விதிகளையும் ஒரே நாளில் மீறியிருக்கிறது என்பதால், அங்கே மீண்டும் போக வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். எந்த வழக்கறிஞரிடமும் பதிவு எண்ணைக் கேட்கலாம், அதில் தவறில்லை. அந்த எண்ணைத் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் சரிபார்க்கலாம்.

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி ஏட்டில் இருக்கிறது, ஆனால் அது நிறுவனங்களின் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் அண்ணன் தன் பெயரில் தொழில் செய்தவர் என்பதால் பழைய 1920 சட்டம்தான். காணொளியில் சொல்லப்படும் எளிய வழியைக் காட்டி எவராவது தனியாகக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அண்ணன் சென்னை நகருக்குள் குடியிருந்திருந்தால் 1909-ஆம் ஆண்டின் வேறொரு சட்டப்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். பல்லடத்துக்கு அது பொருந்தாது.

நிலத்துக்கு வருகிறேன். அண்ணி பெயருக்கு இப்போது எழுதினால், அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போடப்படும் மனுவில் அண்ணன் நொடித்தவர் என்று அறிவிக்கப்படும்போது, 1920 சட்டத்தின் 53-ஆம் பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். நிலம் போவது மட்டுமல்ல, நேர்மையில்லாதவர் என்ற முத்திரையோடு அவர் விடுவிப்புக் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கில் சொத்தை மறைத்ததாக நிரூபணமானால் 69-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் இருக்கிறது. மனுப் போடுவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் மாமனாருக்கோ மைத்துனருக்கோ மட்டும் கடனைத் திருப்பிக் கொடுத்து மற்றவர்களை விட்டுவிடுவதும் இதே போன்ற சிக்கலைக் கொண்டுவரும். நிலம் பூர்வீகம் என்றால், அப்பா எப்போது காலமானார், பாகப்பிரிவினை நடந்ததா, உங்களுக்கும் உங்கள் சகோதரிகளுக்கும் அதில் பங்கு இருக்கிறதா என்பதையெல்லாம் பத்திரங்களோடு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அண்ணனுடைய பங்கு எதுவோ அதுதான் கடனுக்குப் போகும். இதை மறைக்காமல் முறையாகச் சொல்லியே காப்பாற்றக்கூடிய பகுதி இருக்கலாம். தாலி, உடுப்பு, சமையல் பாத்திரங்கள், கைத்தொழிலுக்கான கருவிகள் போன்றவை எப்படியும் ஜப்தியிலிருந்து விலக்குப் பெற்றவை.

இந்தச் சட்டத்தில் என்னை எப்போதும் யோசிக்க வைக்கும் ஒரு விதி 42-ஆம் பிரிவில் இருக்கிறது. ஈடு இல்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணா (அதாவது பாதி) வீதம் கூடச் சொத்து தேறவில்லை என்றால், அந்த நிலை தன் குற்றத்தால் வரவில்லை என்று கடனாளி நீதிமன்றத்துக்கு எடுத்துக்காட்டினால் ஒழிய, நிபந்தனையற்ற விடுவிப்புக் கிடைக்காது. உங்கள் அண்ணன் அதைக் காட்ட முடியும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் கூலி விழுந்ததும் தறிகள் இரும்பு விலைக்குப் போனதும் இந்த வட்டாரமே அறிந்தது. ஆனால் அதற்குக் கூலிச் சீட்டு, மின்கட்டண ரசீது, தறி விற்ற ரசீது, வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். நல்ல வழக்கறிஞர் என்று நான் சொல்வது, முதல் சந்திப்பிலேயே இந்தக் காகிதங்களைக் கேட்பவரை. கடன் பட்டியலைக் கேட்காமல் கட்டணத்தை மட்டும் சொல்பவர் இந்த வழக்கை மனதில் எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் மீதுள்ள வங்கிக் கடனுக்கு இந்த மனு தடையாகாது. அடமானம் பெற்றவரின் உரிமை அப்படியே இருக்கும், அதை வங்கியோடு தனியே பேசித் தீர்க்க வேண்டும். காசோலை திரும்பிய வழக்கு இருந்தால் அது குற்றவியல் வழக்கு, அதுவும் தன் வழியில் நடக்கும். விடுவிப்புக் கிடைத்தாலும் ஜாமீன் போட்டவர் விடுபடமாட்டார் என்று 44-ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது நீங்கள் கையெழுத்துப் போட்ட கடன் உங்கள் மீது நிற்கும். அந்த ஒரு விஷயத்தில் உங்கள் நலனும் அண்ணன் நலனும் வேறாகலாம் என்பதால், அதற்கு மட்டும் வேறொரு வழக்கறிஞரிடம் தனியாக ஆலோசனை கேளுங்கள். ஒரு மணி நேர ஆலோசனைக்குச் சிறிய தொகைதான் ஆகும், அதை மிச்சம் பிடிக்காதீர்கள். மூன்று ரூபாய் வட்டி ஆண்டுக்கு 36 சதவீதம். புரோநோட்டில் எழுதிய வட்டியும் உண்மையில் வாங்கிய வட்டியும் வேறாக இருந்தால், 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்படி என்ன செய்யலாம் என்பதையும் அண்ணனின் வழக்கறிஞரிடம் கேட்கலாம்.

உங்களிடம் இருக்கும் 50,000 ரூபாயைப் பற்றி என் கருத்து இது. நிறைவேற்று மனுவில் ஆஜராவதற்கு ஒரு தொகையை உடனே கொடுங்கள், 19-ஆம் தேதி அதுதான் அவசரம். திவால் மனுவுக்கான கட்டணத்தைக் கரூர் அம்மையார் சொன்னபடி மூன்று கட்டமாக எழுத்தில் பிரியுங்கள். பேட்டாவுக்கும் விளம்பரத்துக்கும் 10,000 ரூபாயையாவது தனியாக எடுத்து வையுங்கள், அதைக் கட்டணத்தில் கலக்கவிடாதீர்கள்.

கேள்வியாளர்: தறிக்காரர் தம்பி

நேற்று சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அண்ணனையும் அண்ணியையும் அழைத்துக்கொண்டு போய்வந்தேன். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள், அதற்கு முடிவு தெரியும் வரை 19-ஆம் தேதியைத் தவறவிட முடியாது என்பதால், திருப்பூர் நீதிமன்றத்தில் பழக்கமுள்ள வேறொரு வழக்கறிஞரிடம் நிறைவேற்று மனுவுக்கு மட்டும் வக்காலத்துக் கொடுத்து 7,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பினோம். இ-கோர்ட்ஸில் அவருடைய பழைய ஐ.பி. வழக்குகளைத் திறந்து பார்த்தேன், அவற்றில் மூன்று விடுவிப்பு வரை போயிருக்கின்றன. நிலத்தைப் பற்றிச் சொன்னதும், அதை அப்படியே பட்டியலில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அண்ணன் நேற்றிரவு பள்ளி நோட்டு ஒன்றில் கடன்காரர்களின் பெயர்களை எழுத உட்கார்ந்தார். இதுவரை 23 பெயர்கள் வந்திருக்கின்றன. தறிக்கு வந்த ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலிப் பாக்கியை முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்.